எரிபொருளை மாற்றினால் மட்டும் போதாது

கண்ணாடியை எத்தனை முறை வேண்டுமானாலும் உருக்கலாம், ஆகவே அது மாசற்ற பொருள் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. முதற்பகுதி உண்மை, முடிவை என்னால் ஏற்க இயலவில்லை. மணல், சோடா சாம்பல், சுண்ணாம்புக்கல் ஆகியவற்றை உருக்கச் சுமார் 1,500 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும் என்பதால் பெரிய உலைகள் ஆண்டுக்கணக்கில் அணையாமல் எரிகின்றன. அதோடு, எந்த எரிபொருளைப் பயன்படுத்தினாலும், பின்னிரண்டு பொருள்களும் சிதையும்போது அவற்றிலிருந்தே கரியமில வாயு வெளியேறுகிறது.

ஆலைப் புகையிலிருந்து தாஜ்மகாலைக் காக்கும் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 30 அன்று அளித்த தீர்ப்பு, ஆக்ரா ஆலைகளை நிலக்கரியிலிருந்து இயற்கை எரிவாயுவுக்கு மாறப் பணித்தது. ஆக்ராவுக்கு அருகே, கண்ணாடி வளையலுக்குப் பெயர்பெற்ற ஃபிரோசாபாத்தின் உலைகளும் பின்னர் எரிவாயுவுக்கு மாறின. புகையும் கந்தக மாசும் குறைய அது உதவியது என்பதை மனமார வரவேற்கிறேன். ஆனால் மூலப்பொருளிலிருந்து எழும் கரியமில வாயுவும், கடும் வெப்பத்தில் உருவாகும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் எரிவாயுவால் நீங்குவதில்லை.

உடைந்த கண்ணாடியை 10 விழுக்காடு கூடுதலாகச் சேர்த்தால் உலையின் எரிசக்தித் தேவை ஏறத்தாழ 2.5 முதல் 3 விழுக்காடு வரை குறையும். ஆனால், நிறவாரியாகப் பிரிக்கப்படாத, பீங்கான் துண்டுகள் கலந்த கழிவு புதிய பாட்டிலுக்கு உதவாது. எனவே குப்பையைப் பிரிக்கும் இடத்திலேயே செலவிட வேண்டும். உருக்காமலேயே பாட்டிலைக் கழுவி மீண்டும் நிரப்பும் முறையை அதற்கும் முன்னால் வைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.