தாம்பரத்தில் பயிற்றுநர் ஆவது பற்றி ஒரு திருத்தம்

"விமானிப் பயிற்சி முடித்த கையோடு தாம்பரத்தில் சேர்ந்து பயிற்றுநர் ஆகலாம், போர் விமானம் கிடைக்காதவர்கள் ஒதுங்கும் இடம் அது" என்று ஒருவர் அடித்துச் சொல்கிறார். விமானிகளைப் பயிற்றுநர்களாக்கும் இந்திய விமானப்படைப் பள்ளியைத்தான் (Flying Instructors School) சொல்கிறார். இரண்டுமே தவறு. புதிதாகத் தேறியவரையே பயிற்றுநராக்கும் வழக்கம் அமெரிக்க விமானப்படையில் உண்டு. நம் விமானப்படையில் முதலில் படைப்பிரிவில் பறந்து அனுபவம் சேர்க்க வேண்டும். 1954 முதல் தாம்பரத்தில் இயங்கும் இந்தப் பள்ளிக்குப் போர் விமானிகளும் வருகிறார்கள், ஹெலிகாப்டர் விமானிகளும் வருகிறார்கள். பக்கத்துச் சேலையூர்க்காரர்கள் மொட்டைமாடியிலிருந்து பார்க்கும் விமானத்தில் 'மாணவர்' என்பவரே தேர்ந்த விமானிதான்!

அப்புறம் அங்கே என்ன படிப்பு? அருகருகே இருக்கை உள்ள கிரண் பயிற்சி விமானம் என்றால், பழகிய இடது இருக்கையை விட்டு வலப்பக்கம் உட்கார வேண்டும். கை செய்வதை வாய் அதே நொடியில் விளக்க வேண்டும். மாணவர் தடுமாறும்போது எதுவரை பொறுப்பது, எப்போது கட்டுப்பாட்டை வாங்குவது என்பதுதான் இதில் கடினமான பாடம்.