உறையாத குழாயிலும் ஹோஸைக் கழற்றத்தான் வேண்டும்

கனடா வீடுகளின் வெளிச்சுவரில் இருக்கும் ‘உறையாத’ வகைக் குழாயில், குளிர்காலத்திலும் ஹோஸ் மாட்டியபடியே இருக்கலாம் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். மன்னிக்கவும், அது சரியல்ல. இந்தக் குழாயின் வால்வு சுவருக்கு உள்ளே, வீட்டின் சூடான பக்கத்தில் இருக்கிறது. மூடியதும் முன்பகுதியில் மிஞ்சும் நீர் வெளியே வடிந்துவிட வேண்டும், பாதுகாப்பே அதில்தான். ஹோஸ் இருந்தால் நீர் வடியாமல் தேங்கிவிடும். உறையும்போது சுமார் 9 விழுக்காடு விரிந்து செம்புக் குழாயையே பிளந்துவிடும். வசந்தத்தில் குழாயைத் திறக்கும்வரை கசிவு தெரியாது என்பதுதான் இதில் எரிச்சலூட்டும் விஷயம்.

நீங்களே சோதிக்கலாம். ஹோஸைக் கழற்றிவிட்டுக் குழாயைத் திறந்து மூடுங்கள். மூடிய பிறகும் சில விநாடிகள் நீர் வடியும். முனை அடைத்த ஹோஸை மாட்டிச் செய்தால், அந்த நீர் ஹோஸைக் கழற்றும்போதுதான் கொட்டும்.