ஒரே வீட்டில் வளர்ந்தவர்கள் என்று சொல்லாதீர்கள்

அந்தப் படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். என் நட்பு வட்டத்திலேயே பலர் பகிர்ந்துவிட்டார்கள். 'அவதார்: தி லாஸ்ட் ஏர்பெண்டர்' கார்ட்டூன் தொடரில் வரும் அண்ணனும் தங்கையும். இடப்பக்கம் ஜூகோவின் முகம், வலப்பக்கம் அசூலாவின் முகம். கீழே, "ஒரே அப்பா, ஒரே அரண்மனை. அண்ணன் திருந்தினான், தங்கை திருந்தவில்லை. இனி யாரும் சிறுவயதுக் காயத்தைச் சாக்குச் சொல்லாதீர்கள்" என்று ஒரு வாசகம். நெற்றியடி, சாட்டையடி என்று வரிசையாகப் பாராட்டு.

நான் அங்கே பொறுமையாகத்தான் பதில் எழுதினேன். எந்த அத்தியாயம், எந்தக் காட்சி என்று குறிப்பிட்டே எழுதினேன். திரும்பக் கிடைத்தவை சிரிப்புக் குறிகள். "வில்லிக்கு வக்காலத்தா?" என்றார் ஒருவர். "கார்ட்டூனுக்கா இவ்வளவு கண்ணீர்?" என்றார் இன்னொருவர். எனக்கு நன்றாகத் தெரிந்த ஒருவரே, "பாவம், இவளுக்கு வீட்டில் என்ன நடந்ததோ" என்று என்னைப் பற்றி எழுதியிருந்தார். அதைப் படித்த பிறகு தூக்கம் போய்விட்டது. அதனால் இங்கே எழுதுகிறேன். நீளமாகத்தான் எழுதப்போகிறேன்.

சொல்ல வருவது ஒன்றுதான். ஒரே கூரையின் கீழ் இரண்டு குழந்தைகள் வளர்ந்தால், அவர்கள் வளர்ந்தது இரண்டு வெவ்வேறு வீடுகளில். அப்பா ஒருவர்தான். ஆனால் மூத்தவனுக்கு அவர் காட்டும் முகம் வேறு, இளையவளுக்குக் காட்டும் முகம் வேறு. இதை விட்டுவிட்டு "அவன் திருந்தினானே, இவளுக்கு என்ன?" என்று கேட்பதில் நியாயமே இல்லை.

"அவதார்: தி லாஸ்ட் ஏர்பெண்டர்" 2005 முதல் 2008 வரை ஒளிபரப்பானது. 61 அத்தியாயங்கள். ஜூகோவின் கதை எல்லோருக்கும் மனப்பாடம். 13 வயதில் போர் ஆலோசனைக் கூட்டத்தில் போய் உட்காருகிறான். புதிதாகச் சேர்ந்த வீரர்களைப் பலிகொடுக்க ஒரு தளபதி திட்டம் போடுகிறார். இவன் எதிர்த்துப் பேசிவிடுகிறான். அதற்காக 'அக்னி காய்' என்ற நெருப்புச் சண்டைக்கு அழைக்கப்படுகிறான். எதிரே நிற்கப்போவது அந்தத் தளபதி என்று நம்பிப் போனவன் திரும்பிப் பார்த்தால், நிற்பது அப்பா. மண்டியிடுகிறான், அழுகிறான், கெஞ்சுகிறான். நாட்டை ஆளும் அந்த அப்பா, ஓசாய், பெற்ற மகனின் முகத்தை எரித்து, நாடு கடத்துகிறார்.

இந்தக் காட்சியில் ஜூகோவை யாரும் மறக்கவில்லை. பார்த்துக்கொண்டிருந்தவர்களை எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறீர்கள்? பெரியப்பா ஐரோ தாங்காமல் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். அசூலா திருப்பிக்கொள்ளவில்லை. முஷ்டியை மடக்கிக்கொண்டு சிரிக்கிறாள். "பார்த்தீர்களா, பிறவியிலேயே அப்படித்தான்" என்று எல்லோரும் சாட்சிக்கு இழுப்பது இந்தச் சிரிப்பைத்தான்.

அவள் அண்ணனைவிட இரண்டு வயது இளையவள். அப்படியானால் அன்று அவளுக்கு வயது 11. அப்பாவுக்குப் பிடிக்காத ஒரு வார்த்தையைச் சொன்னால் முகம் எரியும் என்பதை 11 வயதுக் குழந்தை கண்ணெதிரே பார்க்கிறாள். அந்த வீட்டில் அவள் அதற்குப் பிறகு எப்படி நடந்துகொண்டிருக்க வேண்டும்? நீங்களே சொல்லுங்கள். அழுதிருக்க வேண்டுமா? அழுது கெஞ்சியவனுக்கு என்ன நடந்தது என்பதைத்தானே அவள் அப்போது பார்த்தாள்?

இரண்டாம் பருவத்தின் முதல் அத்தியாயத்தை மறுபடி போட்டுப் பாருங்கள். அசூலா கையாலேயே மின்னலை உண்டாக்கப் பயிற்சி செய்கிறாள். பெரிய பெரிய வீரர்களுக்கே கைவராத வித்தை. அருகில் நிற்கும் இரட்டைக் கிழவிகள், ஏறக்குறைய கச்சிதம், ஒரே ஒரு முடிதான் விலகியிருக்கிறது என்கிறார்கள். முகத்தின் மேல் விழுந்து கிடக்கிற ஒரே ஒரு முடி. ஏறக்குறைய என்பது போதாது என்று சீறிவிட்டு அவள் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிக்கிறாள். கடைசிப் பகுதியில் அதே பெண் கண்ணாடியின் முன் நின்று, அடங்க மறுக்கும் தன் முடியைக் கத்தரிக்கோலால் தானே வெட்டிக்கொள்கிறாள். அந்தக் கண்ணாடியில்தான் அம்மா தெரிகிறாள். உன்னை நேசிக்கிறேன் என்கிறாள் அம்மா. அசூலா சீப்பை எறிந்து கண்ணாடியை உடைக்கிறாள். ஒரு முடியில் ஆரம்பித்து ஒரு கொத்து முடியில் கொண்டுவந்து முடித்திருக்கிறார்கள். இதைப் பார்த்த பிறகும் 'காரணமில்லாத கொடூரி' என்று எழுத உங்களுக்கு எப்படி மனம் வருகிறது?

ஜூகோவுக்கு அம்மா இருந்தாள். அவன் தடுக்கி விழுந்தபோதும் அவன் முயற்சியை ரசித்த அம்மா. அவள் போன பிறகு ஐரோ இருந்தார். நாடு கடத்தப்பட்டவனோடு தானும் கப்பலேறி, அவன் வாயில் வந்ததையெல்லாம் பேசியும் பொறுத்துக்கொண்ட பெரியப்பா. அசூலாவைப் பார்த்து அதே அம்மா என்ன சொன்னாள்? இந்தக் குழந்தைக்கு என்னதான் ஆயிற்று என்றாள். அதே ஐரோ போர்க்களத்திலிருந்து அண்ணனுக்கு ஒரு கத்தியும் தங்கைக்கு ஒரு பொம்மையும் அனுப்பினார். அவள் எப்படிப்பட்ட பெண் என்பதே அவருக்குத் தெரியவில்லை. அவள் அந்தப் பொம்மையை எரித்தாள். அதையும் அவள் கணக்கில்தான் எழுதுகிறீர்கள்.

அவளுக்குக் கிடைத்த ஒரே பாசம் அப்பாவின் பாராட்டு. அதுவும் வெல்கிற வரைக்கும்தான். முடிவுப் போருக்கு ஓசாய் அவளை விட்டுவிட்டுக் கிளம்புகிறபோது அவள் கத்துவது என்ன? என்னை ஜூகோவைப் போல நடத்தாதீர்கள் என்று. அந்த அரண்மனைக்குள் இரண்டு வீடுகள் இருந்தது அவளுக்குத் தெரியும். இன்னொரு வீட்டுக்குத் தன்னைத் தள்ளிவிடுவார்களோ என்ற பயத்திலேயே 14 வயதுவரை வளர்ந்தவள் அவள்.

அந்தப் பயம் எனக்குத் தெரியும்.

என் வீட்டில் அடி வாங்கியது அண்ணன். நான் வாங்கியதில்லை. மதிப்பெண் அட்டை வரும் நாளில் அப்பா முதலில் என்னுடையதைத்தான் பார்ப்பார். கையெழுத்துப் போட்டுவிட்டு என் தலையைத் தடவுவார். அந்தக் கை அடுத்து எங்கே போகும் என்று எனக்குத் தெரியும். நான் அடுத்த அறைக்குப் போய்ப் பென்சில் சீவுவேன். கூராகிவிட்டது என்று தெரிந்தாலும் சீவிக்கொண்டே இருப்பேன். சுருள் சுருளாக மடியில் விழும். அங்கே சத்தம் நின்ற பிறகுதான் என் கை நிற்கும். அண்ணன் வெளியே வந்து என்னை ஒரு பார்வை பார்ப்பான். அந்தப் பார்வையைப் பற்றி இன்றுவரை நாங்கள் பேசிக்கொண்டதில்லை.

"உனக்கென்ன, உன்மேல் ஒரு அடி விழுந்ததுண்டா?" என்று உறவினர்கள் இன்றும் கேட்கிறார்கள். விழுந்ததில்லை, உண்மைதான். ஆனால் இரண்டு மதிப்பெண் குறைந்தால் எனக்கு வயிறு கலங்கும். என்னையும் அண்ணன் நிற்கும் இடத்தில் கொண்டுபோய் நிறுத்திவிடுவார்கள் என்று உடம்பெல்லாம் நடுங்கும். இப்போதும் அலுவலகத்தில் யாராவது "நன்றாக இருக்கிறது, ஒரே ஒரு திருத்தம்" என்றால் அன்று முழுவதும் எனக்கு வேலை ஓடாது. முகத்தில் தழும்பு இல்லாததால் எனக்கு ஒன்றும் நடக்கவில்லை என்று நீங்கள் முடிவு செய்வீர்களா? ஜூகோவின் காயம் அவன் முகத்திலேயே இருக்கிறது, பார்த்தவுடன் பாவம் என்கிறோம். பாராட்டினால் ஏற்பட்ட காயம் எந்த முகத்தில் தெரியும்?

சரி, கேள்விகளுக்கு வருகிறேன்.

"அப்படியானால் அவள் செய்ததெல்லாம் சரியா?" சரி என்று நான் எங்கே சொன்னேன்? என் பதில்களை இன்னொரு முறை படியுங்கள். ஒருத்தி ஏன் இப்படி ஆனாள் என்று கேட்பதும் அவளை மன்னித்துவிடு என்பதும் ஒன்றா? இதே தொடரில் நீரை ஆட்டுவிக்கத் தெரிந்த கட்டாரா என்ற பெண் தன் அம்மாவைக் கொன்றவனைத் தேடிப் போகிறாள். மழை நீரையே ஈட்டிகளாக்கி அவன் முகத்துக்கு நேரே நிறுத்துகிறாள். கொல்லவில்லை. மன்னிக்கவும் இல்லை, அதைச் சொல்லவும் செய்கிறாள். அவளை யாரும் அதற்காகக் கண்டிக்கவில்லை. மன்னிக்கச் சொல்லி இந்தத் தொடர் யாரையும் கட்டாயப்படுத்தியதே இல்லை. நானும் கட்டாயப்படுத்தவில்லை.

"ஐரோவே அவளை அடக்க வேண்டும் என்றுதானே சொன்னார்?" சொன்னார். பா சிங் சே நகரத்தை முற்றுகையிட்டு, அங்கே தன் மகனைப் பறிகொடுத்த பிறகுதான் கண் திறந்தவர் அவர். ஐரோவை எனக்கும் பிடிக்கும். அதற்காக அவர் வாயில் வந்ததெல்லாம் தீர்ப்பாகிவிடாது.

"காயம் எல்லோருக்கும்தான் இருக்கிறது. எல்லோருமா கெட்டுப்போகிறார்கள்?" இல்லை. ஏன் இல்லை என்பதைத்தானே நல்ல தொடர்கள் காட்டுகின்றன? ஜப்பானிய அனிமே தொடரான 'நருடோ'வில் நருடோவும் காராவும் ஒரே மாதிரியான குழந்தைகள். இருவர் உடம்பிலும் ஓர் அரக்க மிருகம் அடைக்கப்பட்டிருக்கிறது, இருவரையும் ஊரே ஒதுக்குகிறது. நருடோவுக்கு இருகா என்று ஓர் ஆசிரியர் கிடைத்தார். காராவுக்கு மாமா யாஷமாரு இருந்தார். அவர் ஒருவர்தான் தன்னை நேசிக்கிறார் என்று அந்தச் சிறுவன் நம்பினான். அந்த மாமாவே அப்பாவின் உத்தரவுப்படி அவனைக் கொல்ல வந்தார், உன்னை நான் நேசித்ததே இல்லை என்றும் சொன்னார். இந்த இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு படம் போட்டு, காரா ஏன் சின்ன வயதிலேயே திருந்தவில்லை என்றும் கேட்பீர்களோ?

ஒரே ஒரு ஆட்சேபத்தை மட்டும் நான் ஒப்புக்கொள்கிறேன். எழுதுகிறவர்கள் பலர் காயத்தைச் சோம்பேறித்தனமாகப் பயன்படுத்துகிறார்கள். மழை, ஒரு பிணம், அழும் குழந்தை என்று இரண்டு நிமிட முன்கதை காட்டிவிட்டால் பாத்திரம் ஆழமாகிவிட்டது என்று நினைக்கிறார்கள். எனக்கும் அது சலிப்புதான். என்ன நடந்தது என்பதைக் காட்டினால் மட்டும் போதாது. அந்த நேரத்தில் அந்தக் குழந்தை தன்னைப் பற்றி என்ன முடிவுக்கு வந்தது என்பதைக் காட்ட வேண்டும். 2021-இல் வந்த 'ஆர்க்கேன்' தொடரின் மூன்றாம் அத்தியாயம் இதற்குப் பாடம். வை அக்கா, பவுடர் தங்கை. அக்காவுக்கு உதவ நினைத்துத் தங்கை பவுடர் ஒரு வெடியை வைக்கிறாள். அது சொந்தக் கூட்டாளிகளையே கொன்றுவிடுகிறது. ஆத்திரத்தில் வை அவளை அடித்துவிட்டு, தன் கோபத்துக்கே பயந்து சில அடி தள்ளிப் போகிறாள். எதிரியான சில்கோ தங்கையை நெருங்குவதைக் கண்டு திரும்பி ஓடப் பார்க்கிறாள். அதற்குள் மார்க்கஸ் என்ற காவல் அதிகாரி அவளைப் பிடித்து மயக்கப்படுத்திவிடுகிறான். பவுடருக்கு இது எதுவும் தெரியாது. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் அக்கா திட்டினாள், அடித்தாள், போய்விட்டாள். அந்த இடத்தில் அவளை அணைத்துக்கொண்டவன் சில்கோ. ஒரே தெரு, ஒரே இரவு, இரண்டு பெண்களுக்கும் இரண்டு வெவ்வேறு நினைவுகள். வருடங்கள் கழித்துச் சந்திக்கும்போது இருவரும் உண்மையைத்தான் பேசுகிறார்கள், ஆனால் பொருந்தவில்லை. என் அண்ணனும் நானும் சிறுவயதைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலும் இதுதான் நடக்கிறது.

அந்தப் படத்தில் என்னை அதிகம் எரிச்சலூட்டியது எது தெரியுமா? அதில் ஓசாய் இல்லை. குழந்தைகள் இருவரையும் கூண்டில் ஏற்றி மதிப்பெண் போட்டிருக்கிறார்கள். எரித்தவர் முகம் எங்கேயும் இல்லை. அடி வாங்கியவன் நல்லவனாகிவிட்டால் எல்லோருக்கும் நிம்மதி. பிறகு அடித்தவரைப் பற்றிப் பேச வேண்டியதில்லை அல்லவா?

'போஜாக் ஹார்ஸ்மேன்' தொடரின் கடைசிப் பருவத்தில் எழுத்தாளரான டயேன் தன் சிறுவயதைப் பற்றி ஒரு புத்தகம் எழுத உட்கார்ந்து தவிக்கிறாள். அது வரவே மாட்டேன் என்கிறது. விளையாட்டாக எழுதிய ஒரு சிறுமித் துப்பறியும் கதைதான் வருகிறது. சிறுவயதைப் பற்றிய புத்தகத்தைக் கைவிட மனமில்லாமல் அழுகிறாள். அந்தப் புத்தகத்தை எழுதாவிட்டால் தான் பட்டதெல்லாம் ஒன்றுக்கும் உதவாமல் போய்விடும் என்கிறாள். பட்ட துன்பத்துக்கு ஏதாவது நல்ல பலன் இருந்தே ஆக வேண்டும் என்ற பாரத்தையும் அந்தக் குழந்தைகள் தலையில்தான் வைக்கிறோம்.

என் அண்ணன் இன்று மிகவும் சாந்தமான மனிதன். தன் பிள்ளைகள் மேல் குரலைக்கூட உயர்த்தமாட்டான். "அன்று நான் கண்டித்து வளர்த்ததால்தான் இன்று இப்படி இருக்கிறான்" என்று அப்பா எல்லோரிடமும் பெருமையாகச் சொல்கிறார். அண்ணன் தலையைக் குனிந்தபடி சாப்பிட்டுக்கொண்டிருப்பான். சுற்றியிருப்பவர்கள் ஆமோதிப்பார்கள். "ஜூகோ திருந்தினானே" என்று நீங்கள் எழுதும்போதெல்லாம் எனக்கு அந்த ஆமோதிப்புதான் காதில் விழுகிறது. ஜூகோ நல்லவனானது ஓசாயினால் அல்ல, ஓசாயையும் மீறி. கிரகண நாளில் அவன் அப்பாவின் முகத்துக்கு நேரே அதைச் சொன்னான். மரியாதை கற்பிக்கத்தான் எரித்தேன் என்றார் அப்பா. அது கொடுமை, அது தவறு என்றான் மகன். என் அண்ணன் அப்படியெல்லாம் பேசக்கூடியவன் இல்லை. அதனால் நான் சொல்கிறேன். அவன் நல்லவனாக இருப்பது அவனே பாடுபட்டுச் சம்பாதித்தது. அதில் அப்பாவுக்குப் பங்கு கிடையாது.