கழல மறுக்கும் கியர்பாக்ஸ்

பழைய பெட்ரோல் அம்பாசிடரின் கியர்பாக்ஸை இறக்குவது பற்றிக் கையேடுகள் சொல்வதைப் படித்தால் வயிறு எரிகிறது. எஞ்சினோடு பிணைக்கும் போல்ட்டுகளைக் கழற்றிவிட்டுப் பெட்டியை நேராகப் பின்னோக்கி இழுக்க வேண்டுமாம். கடற்காற்றில் பல ஆண்டுகள் நின்ற வண்டியில், கழற்றுவதற்கு முதலில் போல்ட்டுக்குத் தலை இருக்க வேண்டுமே! இரும்பு துருவாகும்போது பருமனில் பெருகுவதால், புரிகளுக்கிடையே இருந்த இம்மியளவு இடைவெளியும் அடைபட்டு, போல்ட்டும் உறையும் ஒன்றாகிவிடுகின்றன. போதாக்குறைக்கு, அந்தக் காலத்துப் போல்ட்டுகள் அங்குல அளவைச் சேர்ந்தவை. அரை அங்குலத் தலையில், அதாவது 12.7 மில்லிமீட்டரில், கைக்குக் கிடைத்த 13 மில்லிமீட்டர் ஸ்பேனரை மாட்டி முறுக்கினால், ஆறு முனைகளும் மழுங்கி, அடுத்து வருபவருக்கு உருண்டைதான் மிஞ்சும். எனக்கு முன்னால் இந்த வண்டியைத் தொட்ட புண்ணியவான், கை நுழையாத மேல்பக்கமாகப் பார்த்து, அந்தத் திருப்பணியைச் செய்து வைத்திருக்கிறார்.

எண்ணெய் ஊற்றி ஊறவிட்டு, சூடு காட்டி, எல்லாப் போல்ட்டுகளையும் எடுத்த பிறகும் பெட்டி அசைவதில்லை என்பதுதான் பெருங்கொடுமை. இணைப்பை நேர்ப்படுத்தும் டவல் பின்கள் துருவில் இறுகியிருக்கின்றன. கிளட்ச் தட்டின் நடுப் பற்களும் கியர்பாக்ஸிலிருந்து நீளும் தண்டைக் கவ்விக்கொண்டிருக்கின்றன. ஒரே பக்கம் நெம்பினால் பெட்டி கோணிக்கொண்டு முன்னிலும் இறுகும்; ஓங்கி அடித்தால் வார்ப்பு விரிசல் விடும்; பாதி வந்ததைத் தொங்கவிட்டால் எடை முழுவதும் தண்டின் மேல் விழுந்து கிளட்ச் தட்டு நெளியும். ஆகவே ஜாக்கியில் எடையைத் தாங்கிக்கொண்டு, மல்லாந்து படுத்து, கண்ணில் துருப்பொடி உதிர உதிர, இப்பக்கம் ஒரு நூல், அப்பக்கம் ஒரு நூல் என்று நகர்த்த வேண்டியிருக்கிறது. இத்தனைக்கும் கூலியைச் சொன்னால், “நாலு போல்ட்டைக் கழற்றுவதற்கா இவ்வளவு?” என்று கேட்கிறார் வண்டிக்காரர்.