தூக்குவாளியும் ஆவியின் கனியும்

சபையில் எல்லாருக்கும் சோறு போடும் அசனப் பந்தியில் நடந்ததைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். நேற்று ராத்திரி சபை வாட்ஸப் குழுவில் 'இனி இதைப் பேச வேண்டாம், ஜெபிப்போம்' என்று ஒரு செய்தி. கீழே வரிசையாகக் கும்பிடு. அப்புறம் எனக்குத் தூக்கம் எங்கே வரும்?

படுக்கையில் கிடக்கிற புருஷனுக்குக் கொஞ்சம் சோறு கேட்டுத் தூக்குவாளியோடு நின்ற மாமியை, "பாத்திரம் கொண்டு வரக்கூடாதுன்னு எத்தன தடவ சொல்லணும்?" என்று அத்தனை பேர் முன்னால் விரட்டியவரின் பெயரைச் சொல்ல மாட்டேன். இருந்தவர்களுக்குத் தெரியும். அன்று காலை ஆராதனையில் பைபிளில் ஆவியின் கனியைப் பற்றிய கலாத்தியர் 5 வாசித்தவரும் அவர்தான். அன்பு, சந்தோஷம், சமாதானம் என்று ஒன்பதையும் ஒன்றுகூட விடாமல் வாசித்தார். என்ன குரல்!

அங்கே 'கனிகள்' என்று இல்லை, 'ஆவியின் கனி' என்று ஒருமையில் இருக்கிறது. விசுவாசத்தை வைத்துக்கொண்டு சாந்தத்தை அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்கிற ஏற்பாடு அதில் கிடையாது. இரட்சிக்கப்பட்ட தேதி நம் எல்லாருக்கும் மனப்பாடம். குணம் எப்போது மாறியது என்று கேட்டால் வீட்டில் இருக்கிறவர்களைத்தான் கேட்க வேண்டும்.

என் அப்பா குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டியவர். கன்வென்ஷன் பந்தலில் கை தூக்கி இயேசுவுக்குத் தன்னை ஒப்புக்கொடுத்த பிறகும் பல வருஷம் அம்மாவிடம் குரல் தாழ்த்திப் பேசியதில்லை. "ரப்பர் தை நட்டா பால் வெட்ட கத்தி வைக்கவே ஏழு வருஷம் ஆவும், மனுஷன் ஒரு ராத்திரியில மாறுவானா?" என்பார். எங்களுக்குச் சிரிப்பு வரும். ஒரு நாள் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய், பக்கத்து விளைக்குள் முக்கால் அடி தள்ளிக் கட்டியிருந்த கய்யாலையை, அதாவது எல்லைச் சுவரை, இடித்து, பழைய இடத்திலேயே கட்டினார். இதை அவர் எந்த மேடையிலும் சாட்சியாகச் சொல்லவில்லை. பைபிளில் வரும் வரி வசூலிக்கிற சகேயு, அநியாயமாக வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பிக் கொடுத்தான், அப்பா கொடுத்தது முக்கால் அடிதான். ஆனால் அந்த வருஷம்தான் அம்மா அவரிடம் பயமில்லாமல் பேச ஆரம்பித்தாள்.

'கிருபையால்தான் இரட்சிப்பு, கிரியையால் அல்ல' என்று ஒருவர் வருவார், தெரியும். எபேசியர் 2:8, 9 எனக்கும் பாடம்தான் அண்ணாச்சி. உங்கள் பைபிளில் 10ஆம் வசனத்தை அச்சடிக்காமல் விட்டுவிட்டார்களா? நற்கிரியைகளுக்காகவே சிருஷ்டிக்கப்பட்டோம் என்று அதில்தானே இருக்கிறது?

'பந்திக்கு ஒரு முறை வேண்டாமா, சோறு பத்தாமல் போனால்?' என்பதும் வரும். நியாயம்தான். ஆனால் சாயங்காலம் மிஞ்சிய சோற்றைக் குழி வெட்டி மூடியதை நான் பார்த்தேன்.

'மத்தேயு 18 தனியாகப் போய்ச் சொல்லச் சொல்கிறதே?' சொல்லத்தான் பார்த்தேன். திங்கள்கிழமை இரண்டு தடவை போன் அடித்தேன். எடுக்கவில்லை.

கத்தோலிக்கரான தேவசகாயத்துக்கு 2022ல் வத்திக்கானில் புனிதர் பட்டம் கொடுத்தபோது, நாம் சி.எஸ்.ஐ. என்கிற புராட்டஸ்டன்ட் சபை என்றும் பாராமல் 'நம்ம ஊர்க்காரர்' என்று ஸ்டேட்டஸ் வைத்தோமே. 1745ல் ஞானஸ்நானம். 1752ல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். நடுவில் அவருக்கும் ஏழு வருஷம்தான். சாதி பார்க்காமல் எல்லாரும் சமம் என்று பேசியதும் அவர் மேல் வந்த பகைக்கு ஒரு காரணம். நமக்கு அவர் படம் வேண்டும். தூக்குவாளி மட்டும் பந்திக்குள் வரக்கூடாது.

சரி, நான் பெரிய யோக்கியன் என்று எழுதவில்லை. மாமி திரும்பி நடந்தபோது சாம்பார் வாளியோடு நாலடி தள்ளி நின்றது நான்தான். வாய் திறக்கவில்லை. இப்போது ராத்திரி பன்னிரண்டு மணிக்கு போனில் வீரம் காட்டுகிறேன். 'நீ ஏன் அன்றைக்கே பேசவில்லை' என்று கேட்பவருக்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை.

செவ்வாய்க்கிழமை அந்த வீட்டுக்குப் போனேன். தூக்குவாளி திண்ணையில் கவிழ்ந்து கிடந்தது. மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயெடுப்பதற்குள் மாமி சொன்னாள்: "விடு மக்கா, அவருக்கு சுகர் உண்டும்லா. காலையில இருந்து ஒண்ணும் தின்னாம ஓடுன மனுசன்."

விரட்டியவருக்காக மாமி பரிந்து பேசியதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.