அந்த எட்டாவது இன்னிங்ஸ விட்டுட்டீங்களே

2024 செப்டம்பர் 30 நியூயார்க் மெட்ஸ் - அட்லாண்டா பேஸ்பால் மேட்ச் பத்தி உங்க பதிவுல எழுதிட்டு, கடைசில நம்ம லிண்டோர் அடிச்ச ஹோம் ரன்ன (பந்து வேலியத் தாண்டிப் போற அடி) மட்டும் சொல்லி முடிச்சிட்டீங்களே, அதுக்கு முன்னாடி மெட்ஸ் ரசிகருங்க நாங்க பட்ட பாடு இருக்கே!

புயலால தள்ளிப்போன மேட்ச், திங்கக்கிழமை மத்தியானம், ஆபீஸ்ல மேஜைக்கு அடியில போன வச்சு சவுண்ட ஆஃப் பண்ணிட்டு பாத்துட்டு இருக்கேன். மொத்தம் ஒன்பது இன்னிங்ஸ்ல ஏழு முடிஞ்சும் மெட்ஸ் 0-3, சரி வழக்கம்போல ஊத்திக்கிச்சுன்னு மூடி வைக்கப் போனா எட்டாவதுல ஆறு ரன், நம்ம நிம்மோ அடிச்ச அடியில 6-3. அப்பாடான்னு ஒரு வாய் காபி குடிக்கல, பந்து வீசுற நம்ம டியாஸ் ஃபர்ஸ்ட் பேஸ கவர் பண்ண ஓடாம நின்னுட்டாரு, அவுட் ஆக வேண்டிய ஆளு தப்பிச்சாச்சு, நமக்கு வாய்ச்சது அவ்ளோதான்னு தோணிடுச்சு, அட்லாண்டாவுக்கு ஒரு ரன், அப்புறம் அவங்க ஆளு ஆல்பிஸ் டபுள் (ஒரே அடியில ரெண்டு பேஸ்), இன்னும் மூணு ரன், 6-7. போன கவுத்து வச்சிட்டேன்.

மனசு கேக்கல, திருப்பிப் பாத்தா ஒன்பதாவதுல நம்ம மார்ட்டே பேஸ்ல நிக்கிறாரு, முதுகு வலியில இருந்து இப்பதான் திரும்பி வந்த லிண்டோர் பேட்டிங், பந்து ரைட் சென்டர் பக்கம் போகுது போகுது... நான் கத்துன கத்துல மேனேஜர் எட்டிப் பாத்தாரு. அவரு நியூயார்க்கோட இன்னொரு டீம் யாங்கீஸ் ஆளு, விடுங்க.

கடைசியா 8-7, பிளேஆஃப் உறுதி. சீசன் ஆரம்பத்துல தொடர்ந்து அஞ்சு தோத்த டீமுங்க இது! சாயங்காலம் நியூயார்க் ஃபிளஷிங்ல இருக்கற பிள்ளையார் கோயிலுக்குப் போய் ஒரு சிதறு தேங்கா போட்டேன், கேன்டீன்ல தோசை சாப்பிடும்போதும் கை நடுக்கம் நிக்கல.