சண்டை போடுற வக்கீல் வேணுமா கண்ணு?

போன வாரம் எங்கள் எஸ்டேட் ஆபீஸில் வேலை பார்க்கும் பெண் ஒருத்தி சாப்பாட்டு நேரத்தில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். டிபன் பாக்ஸைத் திறக்கவே இல்லை. "அக்கா, விவாகரத்து கேஸுக்கு அஸ்தம்பட்டி கோர்ட்ல நல்லா சண்டை போடுற வக்கீலா ஒருத்தரைச் சொல்லுங்கக்கா. என் புருஷனை விடக்கூடாது" என்றாள். 2018-இல் என் விவாகரத்துக்காக நானும் இதையே சொல்லிக்கொண்டுதான் ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இறங்கினேன்.

என் முதல் வக்கீலை நான் தேடிப் பிடிக்கவில்லை. பெரியப்பாவுக்கு நிலத் தகராறில் ஜெயித்துக் கொடுத்தவர் என்றார்கள், போனோம். பத்து நிமிஷம் கேட்டார். எத்தனை பவுன் போட்டீர்கள், மாப்பிள்ளை பேரில் சொத்து இருக்கிறதா, அவ்வளவுதான். பிறகு, "ஆறே மாசத்துல முடிச்சிடலாம்மா, அவனை ஊரை விட்டே ஓட வைக்கிறேன்" என்றார். வயிறு எரிந்துகொண்டிருந்த எனக்கு அந்த வார்த்தை மோர் குடித்த மாதிரி இருந்தது. அவர் எனக்காக வாதாடலாம் என்று எழுதிக் கொடுக்கும் வக்காலத்தில் கையெழுத்துப் போட்டேன். அடுத்த வாரம் பெட்டிஷன் என்று சில பக்கங்கள் வந்தன, எல்லாம் இங்கிலீஷ். குமாஸ்தா பென்சிலில் புள்ளி வைத்த இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டேன். கடைசிப் பக்கத்தில், மேலே சொன்னதெல்லாம் எனக்குத் தெரிந்து உண்மை என்று ஒரு வாசகம் இருக்கும். அதன் கீழேயும் என் கையெழுத்துதான்.

என் வீட்டுக்காரர் என்னிடம் மாதக்கணக்கில் பேசாமல் இருந்தவர். எனக்குத் தெரியாமல் கடன் வாங்கினார், நகையை அடகு வைத்தார், கேட்டால் வீட்டை விட்டுப் போய்விடுவார். ஆனால் கை நீட்டியதில்லை. பெட்டிஷனில் என்ன இருந்தது தெரியுமா? பெல்ட்டால் அடித்தார், மாமியார் மண்ணெண்ணெய் ஊற்ற வந்தார். கோர்ட்டில் இருக்கும் கவுன்சிலிங் அறையில்தான் எனக்கே அது தெரிந்தது. அங்கே வக்கீல்கள் இல்லை, நானும் அவரும் கவுன்சிலர் அம்மாவும் மட்டும். என் வீட்டுக்காரர் அந்தப் பெட்டிஷன் நகலை மேசையில் வைத்து, "நான் எப்ப உன்னை அடிச்சேன்? எங்கம்மா எப்ப வந்தாங்க?" என்று கேட்டார். என்னால் வாய் திறக்க முடியவில்லை.

அதற்கு முந்தின மாதம் வரை சம்மதமாகப் பிரிந்துவிடலாம் என்று ஆள் விட்டுச் சொல்லிக்கொண்டிருந்தவர் அவர். அன்றைக்குப் பிறகு, "அந்தப் பேப்பருக்குப் பதில் சொல்லாம விடமாட்டேன்" என்று நின்றார். நாலு வருடம் போனது. என் மகள் இரண்டாம் வகுப்பிலிருந்து ஆறாம் வகுப்புக்குப் போய்விட்டாள்.

இத்தனைக்கும் பொய்க்கு அவசியமே இல்லை. 1955-ஆம் வருட இந்துத் திருமணச் சட்டத்தில் கொடுமை என்றால் அடி உதை மட்டும் இல்லை, மனதை நோகடிப்பதும் கொடுமைதான் என்று கோர்ட்டுகள் எத்தனையோ தடவை சொல்லிவிட்டன. எனக்கு நடந்ததை நடந்தபடி எழுதியிருந்தாலே வழக்கு வலுவாக நின்றிருக்கும்.

வாய்தா கதை தனி. இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி வந்து நிற்பேன், "இன்னைக்கு இல்லம்மா, அடுத்த மாசம்" என்பார் குமாஸ்தா. ஒவ்வொரு வழக்குக்கும் எழுத்தும் எண்ணும் கலந்து பதினாறு இடம் கொண்ட சி.என்.ஆர். எண் என்று ஒன்று இருக்கிறது, அதைக் கோர்ட்டுகளின் ஈகோர்ட்ஸ் ஆப்பில் போட்டால் அடுத்த தேதி தெரியும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஜீவனாம்ச மனுப் போடும்போது என் சம்பளத்தைக் காட்ட வேண்டாம் என்றார் வக்கீல். இரண்டு பேருமே சொத்து, வருமானம், கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரத்தில் சொல்ல வேண்டும் என்று 2020-இல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பே இருக்கிறது. மறைத்து மாட்டியிருந்தால் மாட்டுவது நான், வக்கீல் இல்லை. வருகிற தொகையில் பத்து சதவீதம் தனக்கு என்று வேறு பேசினார். வக்கீல்களுக்கான பார் கவுன்சில் விதியில் அப்படிப் பங்கு கேட்கவே கூடாது.

ஆளை மாற்றலாம் என்று போனால் பாக்கி ஃபீஸ் கொடுக்காமல் கேஸ் கட்டைத் தரமாட்டேன் என்றார். ஃபீஸுக்காகக் கட்டைப் பிடித்து வைக்கும் உரிமை வக்கீலுக்குக் கிடையாது என்று 2000-ஆம் வருடமே சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கிறது. புது வக்கீலம்மா இதைச் சொல்லி எழுதிக் கேட்ட பிறகுதான் கட்டு கைக்கு வந்தது.

அந்த அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு சின்ன அறைதான் ஆபீஸ். கட்டை வாங்கி இரண்டு மணி நேரம் படித்தார், என்னை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு. உள்ளே கூப்பிட்டு முதலில் கேட்டது, "பாப்பா அவங்கப்பாவைப் பார்க்கணும்னு கேக்குதா?" அதுவரை யாரும் கேட்காத கேள்வி. எனக்கு அழுகை வந்துவிட்டது. பிறகு, "உங்க கேஸ்ல இந்த இந்த இடத்துல நீங்க தோத்துப் போவீங்க" என்று விரல் வைத்துக் காட்டினார். எத்தனை மாதம் ஆகும் என்றதற்கு, "அது என் கையில இல்லீங்க" என்றார். எனக்கு நம்பிக்கை வந்தது அந்தப் பதிலில்தான்.

வழக்கைப் பரஸ்பர சம்மத மனுவாக மாற்றினோம். அதில் எழுதிய ஒவ்வொரு வரியையும் தமிழில் படித்துக் காட்டினார். "இந்த வரி வேண்டாம்" என்று நான் சொன்னதை அடித்தார். இப்படிச் சம்மதமாகப் பிரிகிறவர்கள் காத்திருக்க வேண்டிய ஆறு மாதத்தைத் தக்க காரணம் இருந்தால் கோர்ட் தள்ளுபடி செய்யலாம் என்ற 2017 தீர்ப்பைக் காட்டி மனுப் போட்டார், கிடைத்தது.

காசில்லாதவர்கள் பயப்பட வேண்டாம். பெண்கள் என்றால் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் வைத்துத் தரும், 1987-ஆம் வருடச் சட்டமே அதற்கு இருக்கிறது. 15100-க்கு போன் செய்யுங்கள். இலவசம் என்றால் மட்டம் என்று எங்கள் வீட்டிலும் சொன்னார்கள். எங்கள் கிராமத்தில் ஒரு அக்காவுக்கு அப்படி வந்த வக்கீல்தான் ஜீவனாம்சம் வாங்கித் தந்தார்.

அந்தப் பழைய பெட்டிஷன் இன்னும் என் பீரோவில் இருக்கிறது. என் மகளுக்கு இப்போது இங்கிலீஷ் நன்றாகப் படிக்க வரும். ஒருநாள் அதை எடுத்து, தன் பாட்டியைப் பற்றி அம்மா கையெழுத்துப் போட்டு என்ன சொல்லியிருக்கிறாள் என்று படித்துவிடுவாளோ என்று எனக்குப் பயம். கிழித்துப் போட்டாலும் கோர்ட்டில் ஒரு பிரதி இருக்கத்தான் செய்யும்.

அந்தப் பெண்ணிடம் வக்கீல் பெயர் எதையும் சொல்லவில்லை. சனிக்கிழமை எனக்கு அரை நாள் லீவு. மூன்று பேரையாவது நேரில் பார்த்துப் பேசிவிட்டு முடிவு செய், நானும் கூட வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். பெட்டிஷன் வந்ததும் என்னிடம் கொண்டுவரச் சொன்னேன். இரண்டு பேரும் டிக்‌ஷனரி வைத்துக்கொண்டு படிப்போம், அப்புறம் அவள் கையெழுத்துப் போடட்டும்.